கீயில் பேட்டரி மாற்றியும் கார் திறக்கவில்லை: செத்தது எந்த பேட்டரி?

9 ஜூன் 2024, காலை 7.10 – கேள்வி

புஷ் ஸ்டார்ட் வண்டி, சாவி போடாமல் பட்டனை அழுத்தி எடுப்பது. கீ என்பது கையிலிருக்கும் ரிமோட். பத்து நாள் ஊரில் இல்லை. நேற்று வந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை. கீயில் பட்டனை அழுத்தினால் அதிலுள்ள சின்ன சிவப்பு லைட் எரிகிறது, வண்டி மட்டும் கல் மாதிரி நிற்கிறது. கீ பேட்டரிதான் போலிருக்கிறது என்று 60 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். அப்படியேதான் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் டோ பண்ணித்தான் எடுத்துவர வேண்டும் என்கிறார்கள். எங்கள் அடித்தள பார்க்கிங்கில் அந்த லாரி இறங்காது. சாவி போட்டுத் திருகும் பழைய வண்டியே தேவலை என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் வாருங்கள்.

9 ஜூன், காலை 8.25 – பதில்

கட்சி அப்புறம். முதலில் கதவைத் திறப்போம்.

கீயில் லைட் எரிந்தால் கீயின் பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 60 ரூபாய் வீண். செத்தது பானட்டுக்குள் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி. கூப்பிடுகிறவர் கூப்பிடுகிறார், காது கொடுத்துக் கேட்கத்தான் உள்ளே ஆள் இல்லை.

கீயைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு இழுத்தால் உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியில் சாவித்துளை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் கைப்பிடியின் கடைசியில் இருக்கும் துண்டு தனி மூடியாக இருக்கும், அதன் அடியில் சின்னதாக ஒரு பிளவு. அங்கே சாவி நுனியை விட்டு மெதுவாக நெம்பினால் மூடி கையோடு வரும். துளை அதற்குள். கதவு திறந்ததும் பானட் லீவரை இழுங்கள். அது வெறும் கம்பி, கரண்ட் தேவையில்லை.

டோ வேண்டாம். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியென்றால் கரண்ட் இல்லாமல் அது விடவும் விடாது, தரதரவென்று இழுத்துத்தான் போக வேண்டும்.

9 ஜூன், காலை 8.31

ஒன்று விட்டுப்போச்சு. சாவியால் திறந்த வண்டிக்குக் கரண்ட் வந்ததும் அலாரம் அலறலாம். பயப்பட வேண்டாம், கீயில் அன்லாக் பட்டனை அழுத்தினால் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் சொல்கிறேன்.

9 ஜூன், இரவு 9.50

திறந்தது என்று படித்தேன், சந்தோஷம். எனக்கு மார்ச் மாதம் இதே கதை நடந்தது, அதனால்தான் காலையில் அவ்வளவு வேகமாக எழுதினேன்.

ஆறு நாள் வண்டி கோவை சிங்காநல்லூர் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நின்றது. வந்து பார்த்தால் உங்களுடையதைப் போலவே கல். சாவித்துளை மூடியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. கண்டுபிடித்து சாவியை விட்டால் பாதிதான் போகிறது. நாலு வருடமாக யாரும் தொடாத துளை, உள்ளே தூசி கெட்டியாகி மாவு மாதிரி அடைத்திருந்தது. அம்மா மேலேயிருந்து தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்பினார். எண்ணெய் விட்டால் இன்னும் தூசி பிடிக்கும், அடுத்த முறை இதைவிட மோசமாகும் என்று படித்தவன் போல விளக்கினேன். பத்து நிமிடம் கழித்து எண்ணெய்தான் விட்டேன். திறந்தது. (அப்புறம் கிராஃபைட் பொடி வாங்கிப் போட்டேன், மனசாட்சிக்காக.)

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். கஷ்டமான நேரத்தில் முதன்முதலாக அதைச் சந்திக்கக் கூடாது.

இரண்டு பேட்டரியைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வார்த்தை. கீயில் இருப்பது சிஆர்2032 என்ற காசு பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண்ணின் அர்த்தம். (எல்லாக் கீயிலும் இதே அளவு இல்லை, பழையதைக் கழற்றி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.) இது மட்டும் செத்திருந்தால் கதவைச் சாவியால் திறந்து, கீயை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்தினால் வண்டி எடுத்துவிடும். கீக்குள் பேட்டரி இல்லாமலே பேசுகிற ஒரு சில்லு இருக்கிறது, மெட்ரோ கார்டு மாதிரி. சில வண்டியில் பட்டனுக்குப் பதில் கப் வைக்கும் குழியிலோ கன்சோலிலோ அதற்கென்று இடம் விட்டிருப்பார்கள், கையேட்டில் படம் இருக்கும். ஆனால் இந்த வித்தைக்கு வண்டியின் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும்.

11 ஜூன், காலை 6.55

ஜம்பர் கேபிள் மாட்டுகிற வரிசை கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருச்சி ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். போனில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வண்டி எந்திரிக்க மாட்டேங்குதுங்களா? டிக் டிக்குனு சத்தமாவது வருதுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுமே வரவில்லை என்றேன். "அப்ப சுத்தமா இறங்கிருச்சுங்க, அவசரப்படாதீங்க."

சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையில்தான் எல்லோரும் தப்பு செய்வது. அதைச் செத்த பேட்டரியின் மைனஸில் போடாமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசி முனையைத் தொடும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் செத்த வண்டியின் பட்டனை அழுத்துங்கள். அந்த ஐந்து நிமிடம் நான் முதல் தடவை காத்திருக்கவில்லை. பட்டனை அழுத்தினேன், டேஷ்போர்டு முழுக்க கார்த்திகை தீபம் மாதிரி எல்லா விளக்கும் எரிந்து அணைந்தது. எடுத்ததும் கழற்றும்போது தலைகீழ் வரிசை. வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் சட்டென்று வோல்டேஜைத் தூக்கும், கம்ப்யூட்டர் போய்விடும்.

கேபிள் கனமாக இருக்கட்டும். சின்ன பெட்ரோல் வண்டியே செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 300 ரூபாய்க்கு வருகிற கேபிளில் ரப்பர்தான் கனம், உள்ளே செம்பு நூல் மாதிரி.

11 ஜூன், மதியம் 1.15

"தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?" – புஷ் ஸ்டார்ட் வண்டியில் முடியாது. பெயரில் மட்டும்தான் புஷ்.

12 ஜூன், இரவு 10.20

எதனால் இறங்கியது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு விடை தெரியும். கீதான்.

என் பார்க்கிங் இடத்துக்கு நேர் மேலே முதல் மாடியில் என் வீடு. கீ தொங்குவது வாசல் சுவரில். கீ பக்கத்தில் இருந்தால் வண்டி அவ்வப்போது விழித்துக்கொண்டு "யாரு, ஓனரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், இரண்டு பக்க பேட்டரியும் தேயும். கீயை வண்டி அருகில் வைக்க வேண்டாம் என்று சில கையேடுகளிலேயே போட்டிருக்கிறது. டொயோட்டா கீயில் இதற்காகவே தூங்க வைக்கும் வசதி உண்டு: லாக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் லைட் நாலு முறை மினுக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

என் வண்டியில் அது இல்லை. அதனால் மார்ச்சிலிருந்து கீயை எவர்சில்வர் டப்பாவில் போட்டு சமையலறையில் வைக்கிறேன். மூன்று மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டம்மா அந்த டப்பாவைக் "காருக்குக் கல்லறை" என்கிறார், பரவாயில்லை.

13 ஜூன், காலை 7.40

சாவி வண்டியே தேவலை என்ற கட்சிக்கு இப்போது பதில். சாவி போட்டுத் திருகும் வண்டியிலும் பேட்டரி செத்தால் செல்ஃப் சுற்றாது. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்ற எஞ்சினியரின் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததிலிருந்தே நாம் எல்லோரும் பேட்டரிக்கு அடிமை. உண்மையிலேயே சுதந்திரமாக இருந்தது ஹேண்டில் போட்ட வண்டிதான். பெரியப்பாவின் அம்பாசிடரில் பம்பர் ஓட்டையில் ஹேண்டிலை விட்டுச் சுற்றுவார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே எடுப்பார். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். ஒரு நாளும் எங்களைச் சுற்ற விட்டதில்லை. பாடம் மட்டும் வருடா வருடம் நடக்கும்.

13 ஜூன், காலை 7.44

ஆனால் சாவி வண்டியில் கதவாவது திறக்கும். அது உண்மை. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

24 ஜூன், காலை 9.05

12ஆம் தேதி எழுதியதை யாரும் நம்ப வேண்டாம்.

மூன்று நாள் சென்னை போய்விட்டு இன்று காலை வந்தேன். கீ மூன்று நாளும் என்னோடு சென்னையில், பெட்டிக்குள். வண்டி கோவையில். கதவு திறந்தது. டேஷ்போர்டு மங்கலாக எரிந்தது. பட்டனை அழுத்தினால் டிக் டிக் டிக். செல்ஃப் எடுக்கவில்லை.

500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கீ எந்த வண்டியையும் எழுப்பியிருக்க முடியாது.

24 ஜூன், காலை 11.30

தள்ளி எடுக்க முடியாது என்று 11ஆம் தேதி ஒரு வரியில் பெருமையாக எழுதியதும் தப்பு. என்னுடையது கியர் வண்டி. கேபிள் எடுக்க மாடிக்குப் போகச் சோம்பல், செக்யூரிட்டி அண்ணனும் தண்ணீர் கேன் போட வந்த தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். கிளட்ச் மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இக்னிஷன் ஆன் ஆகிறது, ஸ்டியரிங் லாக்கும் விடுகிறது. இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, அவர்கள் தள்ள, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டேன். ஒரு உலுக்கு உலுக்கி எடுத்துவிட்டது.

ஆகவே திருத்தம்: டிக் டிக் வருகிற அளவுக்காவது உயிர் இருக்கும் கியர் வண்டியைத் தள்ளி எடுக்க வாய்ப்பு உண்டு. மார்ச்சில் போல முழுக்கச் செத்திருந்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கே கரண்ட் இல்லை, பழநி வரைக்கும் தள்ளினாலும் எடுக்காது. ஆட்டோமேட்டிக் என்றால் நினைக்கவே வேண்டாம். கியர் வண்டியிலும் ஓரிரு முறைக்கு மேல் முயலாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுத்துவிடும். எஞ்சின் எடுக்கும் வரை ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல் மாதிரி இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள். பேஸ்மென்ட் தூண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

25 ஜூன், இரவு 11.10

450 ரூபாய்க்கு மல்டிமீட்டர் வாங்கினேன். முதலில் வோல்ட். வண்டி சில மணி நேரம் ஓய்வாக நின்ற பிறகு பார்த்தால் முழு பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. எனக்கு நேற்று இரவு 12.5. இன்று இரவு, வண்டியைத் தொடாமலே, 12.3.

எதுவோ குடிக்கிறது.

26 ஜூன், காலை 6.30

திருட்டு கரண்ட்டை அளக்க ஆம்பியர் பார்க்க வேண்டும். மைனஸ் டெர்மினலைக் கழற்றி (பத்தாம் நம்பர் ஸ்பேனர்), கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர். செய்தேன். அப்படியே, அளவு சரியா என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டனையும் அழுத்தினேன்.

மீட்டருக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ்தான். நூறு ஆம்பியர் அதன் வழியாகப் போகப் பார்த்தது.

26 ஜூன், மாலை 6.15

மீட்டர் ஃபியூஸ் கிடைத்தது, 15 ரூபாய். கடைக்காரர் ஏன் போனது என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

29 ஜூன், காலை 10.00

சனிக்கிழமை, முழுசாக உட்கார்ந்தேன். எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கதவு திறந்திருந்தால் வண்டி விழித்தபடியே இருக்கும். அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதாக ஏமாற்ற வேண்டும், பானட் கொக்கியையும் அப்படியே. கீயைத் தள்ளி வைத்துவிட வேண்டும் (டப்பாவுக்கு ஒரு வேலை). மீட்டரில் முதலில் 2.8 ஆம்பியர். கொஞ்சம் கொஞ்சமாக, மாடிப்படி இறங்குவது போல, உள்ளே ஒவ்வொன்றாகத் தூங்கப் போகப் போக அளவு இறங்கும். அரை மணி, முக்கால் மணி விட வேண்டும். 0.05க்குக் கீழே வந்து நின்றால் கவலையில்லை.

எனக்கு 0.24இல் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 5.8 ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. ஆறு நாளில் சுத்தம். மார்ச்சில் ஆறு நாள்! எண் அப்படியே பொருந்தியபோது கொஞ்சம் புல்லரித்தது.

அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் போட்டேன். பதினோராவது, உள்விளக்கு ஃபியூஸ். பிடுங்கியதும் 0.03.

அதே துளையில் இன்னொரு ஒயர் செருகியிருந்தது. டேஷ்கேம், ரோட்டைப் பதிவு செய்கிற கேமரா. பிப்ரவரியில் ஒரு ஆக்சசரீஸ் கடையில் மாட்டியது. வண்டியை நிறுத்தினால் அணைகிற ஃபியூஸில் கொடுக்க வேண்டியதை எப்போதும் கரண்ட் இருக்கிற ஃபியூஸில் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிங்கிலும் பதிவாக வேண்டும் என்றால் வோல்டேஜ் குறைந்ததும் தானாகத் துண்டிக்கிற கிட் ஒன்று நடுவில் வேண்டும். அதுவும் இல்லை. தினமும் ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் ஆல்டர்னேட்டர் கடனை அடைத்துவிட்டது. நான் டப்பாவுக்குப் பாராட்டு விழா நடத்திக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால் மகள் மார்ச்சிலேயே சொன்னாள், இருட்டில் வண்டிக்குள் சின்னதாக நீல லைட் தெரிகிறது, "அப்பா, உள்ள யாரோ முழிச்சிட்டிருக்காங்க" என்று. அலாரம் லைட் பாப்பா என்றேன்.

29 ஜூன், மதியம் 2.40

கீ பக்கத்தில் இருந்தால் பேட்டரி தேயும் என்ற விஷயம் பொய்யில்லை, அதை விட்டுவிட வேண்டாம். என் வண்டியில் குற்றவாளி அது இல்லை, அவ்வளவுதான்.

3 ஜூலை, இரவு 9.30

எலக்ட்ரிக் கார் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை என்று ஒருவர். அதிலும் 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. கதவு, டிஸ்ப்ளே, பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலே சுவிட்ச் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சின்னது செத்தால் பெரியது நிறைய இருந்தும் வண்டி கிளம்பாது. களஞ்சியம் நிறைய நெல், பூட்டுக்குச் சாவி இல்லை. ஹைப்ரிட்டிலும் இதே கதை. அந்த வண்டிகளிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுக்கும் முன் கையேட்டைப் பாருங்கள், பலவற்றில் கூடாது என்றே போட்டிருக்கும்.

8 ஜூலை, காலை 7.15

கீ சம்பந்தமாக இன்னொரு கதை, பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. போன வருடம் வீட்டம்மா என்னைச் சேரன் எக்ஸ்பிரஸுக்கு ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கீ என் சட்டைப் பையில். நான் இறங்கியதும் வண்டி கீ கீ என்று கத்தியிருக்கிறது, பின்னால் ஆட்டோக்காரர் அதைவிடச் சத்தமாகக் கத்தியதால் கேட்கவில்லை. கீ போனாலும் ஓடுகிற எஞ்சின் நிற்காது. வீடு வரை ஓட்டிவந்து அணைத்துவிட்டார். ஈரோடு தாண்டும்போது போன் வந்தது. பீரோவில் இன்னொரு கீ இருந்ததால் தப்பித்தேன். வழியில் பெட்ரோல் பங்க்கில் அணைத்திருந்தால் நான் இதை எழுத உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

14 ஜூலை, மாலை 5.50

பேட்டரியை மாற்றிவிட்டேன். சுத்தமாக இறங்கி ஓரிரு நாள் கிடந்தாலே தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும், அப்புறம் பழைய தெம்பு வராது. லோடு டெஸ்டர் போட்டுப் பார்த்த கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு வருடமே ஆயுள், என்னுடையதற்கு நாலே கால். சிக்னலில் தானாக எஞ்சின் அணைகிற வண்டியென்றால் ஈஎஃப்பி, ஏஜிஎம் என்ற பேட்டரி வகைகளில் எது இருந்ததோ அதையே போடுங்கள், மலிவு என்று சாதாரணதைப் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

மாற்றியதும் டிரைவர் கண்ணாடி ஒரே தட்டில் ஏறவில்லை. பட்டனைத் தூக்கிப் பிடித்து, முழுக்க ஏறிய பிறகும் சில நொடி பிடித்திருந்தால் திரும்பக் கற்றுக்கொள்கிறது. ஸ்டியரிங் விளக்கு ஒன்று எரிந்தது, இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பியதும் அணைந்தது. கடிகாரம் இன்னும் பன்னிரண்டில் தொடங்கிய கணக்கில்தான் ஓடுகிறது. யார் உட்கார்ந்து மாற்றுவது.

14 ஜூலை, மாலை 6.20

கேள்வி கேட்டவருக்கு பேட்டரி வயது ஐந்து என்று இப்போதுதான் பார்த்தேன். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் இந்த இழை நாலு வரியில் முடிந்திருக்கும்.

2 ஆகஸ்ட், காலை 8.00

கீ இன்னும் டப்பாவில்தான். பழகிவிட்டது. முன்பு மிளகாய்த்தூள் இருந்த டப்பா, பார்க்கிங் பையன் கீயை வாங்கியதும் தும்முகிறான்.

அப்புறம், என் ஜம்பர் கேபிளைப் போன வாரம் பி பிளாக்கில் ஒருவர் வாங்கிப்போனார். இதைப் படிக்கிறவர் அவர்தான் என்றால் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். சிவப்பு முனையில் பிளாஸ்டிக் கொஞ்சம் உடைந்திருக்கும், அது பழைய உடைசல்தான்.